மாமாவா, சித்தப்பாவா? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு வாசகியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், பையிலிருந்து புத்தகம் வெளியே வந்துவிடும். படித்து முடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைப்பது வழக்கம். தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், முடித்த தேதி. 2025-ல் 36 புத்தகங்கள் ஏறியிருக்கின்றன. பெரும்பாலும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நாவல்கள், சிறுகதைகள். அவற்றில் 15 மொழிபெயர்ப்புகள்.

போன வாரம் அந்த நோட்டைப் புரட்டியபோது மூன்றாவது கட்டம்தான் உறுத்தியது. 15 புத்தகங்களில் ஆறில்தான் மொழிபெயர்த்தவர் பெயர் முன்னட்டையில் இருந்தது. எட்டுப் புத்தகங்களில் உள்ளே, விலையும் அச்சகத்தின் பெயரும் இருக்கிற பக்கத்தில், பொடி எழுத்தில் தேடிப் பிடித்தேன். ஒன்றில் எங்குமே இல்லை. அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. முந்நூறு பக்கத்துக்கு மேல் ஒருவர் உட்கார்ந்து தமிழில் எழுதியிருக்கிறார். அவரை என்னவென்று சொல்லி நினைத்துக்கொள்வது?

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. எந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பதைப் பல புத்தகங்கள் சொல்வதே இல்லை. ஆடி மாதம் ஒரு வங்காள நாவல் படித்தேன். அப்பா இறந்துபோகிறார், பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கிறார்கள். அதில் ஒரு மாமா வந்து தன் பங்கைக் கேட்டுச் சண்டை போடுகிறார். அம்மாவின் தம்பிக்கு அப்பா வழிச் சொத்தில் ஏது பங்கு? ஏதோ கடன் கொடுத்திருப்பார் போல என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டு திருவள்ளூர் வரை படித்தேன். எண்பது பக்கம் போன பிறகு, அவரும் அப்பாவும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று ஒரு வரி வந்தது. மாமா இல்லை, சித்தப்பா! திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. வங்காளிகள் அப்பாவின் தம்பியைக் காக்கா, காக்கு என்பார்கள், அண்ணனை ஜேட்டா என்பார்கள். அம்மாவின் சகோதரர் அவர்களுக்கும் மாமாதான். நம்மைப் போலவே ஒவ்வொரு உறவுக்கும் தனிச் சொல் வைத்திருக்கும் மொழி அது. நடுவில் ஆங்கிலம் வந்து எல்லாரையும் ‘அங்கிள்’ ஆக்கிவிட்டது. அங்கிளைத் தமிழாக்கியவர் மாமா என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது ஆங்கிலப் பிரதி. மூலம் தெரிந்த ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியை ஒருமுறை காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

இதே ஆண்டில்தான் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ படித்தேன். 2023-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்க்கை. காரு மாமாவின் சாவுக்கு உறவெல்லாம் கூடுகிறது. அதில் வரும் ‘மாமா’ என்ற சொல்லில் எத்தனை பாசம், எத்தனை உரிமை, எத்தனை பழைய மனத்தாங்கல்! அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நாவலின் பாதி உயிர் போய்விடும். நாளைக்கு ஒரு வங்காள வாசகருக்கு அவர் வெறும் அங்கிளாகப் போய்ச் சேர்ந்தால் நமக்கு வலிக்காதா?

நேராக மூலத்திலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. மனோஜ் குரூரின் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’ நாவலை மலையாளத்திலிருந்து கே.வி. ஜெயஸ்ரீ தமிழுக்குத் தந்தார். சங்க காலப் பாணர்களின் கதை. வடசொற்களைத் தவிர்த்து எழுதப்பட்ட மலையாளத்துக்கு ஈடான தமிழைத் தேடிப் பிடித்திருக்கிறார். 2019-க்கான மொழிபெயர்ப்பு விருதை சாகித்திய அகாதெமி அதற்குத்தான் கொடுத்தது. அந்த நாவலை நான் வாய்விட்டுப் படித்தேன், ரயிலில் அல்ல, வீட்டில், அம்மாவுக்கு.

2025 மே மாதம் கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்குக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்ததைக் கொண்டாடினோம். மேடையில் அவர் பக்கத்திலேயே, அவர் கதைகளை ஆங்கிலத்தில் தந்த மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் நின்றார். பரிசுத் தொகையான 50,000 பவுண்டில் இருவருக்கும் சரிபாதி. நமக்கும் இது புதிய பழக்கமில்லை. மராத்தி நாவலாசிரியர் காண்டேகர் என்றால் கூடவே அவரைத் தமிழில் தந்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. பெயரையும் சேர்த்துச் சொன்ன தலைமுறை இங்கே இருந்தது. கா.ஸ்ரீ.ஸ்ரீ. நேராக மராத்தியிலிருந்தே மொழிபெயர்த்தார், வாசகர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

அச்சுக்கூலியும் காகித விலையும் ஏறிக்கிடக்கிற நிலையில், சில நூறு பிரதிகள் விற்பதற்கே நீங்கள் படும் பாடு எனக்கு ஓரளவு தெரியும். அதனால் செலவு வைக்காத இரண்டைத்தான் முதலில் கேட்கிறேன். மொழிபெயர்த்தவர் பெயரை முன்னட்டையில் போடுங்கள், விலைப்பட்டியலிலும் போடுங்கள். எந்த மொழியிலிருந்து, நேராகவா ஆங்கிலம் வழியாகவா என்பதை உள்ளே ஒரு வரியில் சொல்லுங்கள். ஆங்கிலம் வழி வந்ததென்றால் வாங்க மாட்டேன் என்றில்லை. அப்படி வராவிட்டால் எத்தனையோ நாட்டுக் கதைகள் எனக்குக் கிடைத்தே இருக்காது. தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவு வைக்கிற கோரிக்கையும் ஒன்று உண்டு. மூலமொழி அறிந்த ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து ஒப்புநோக்கச் சொல்லுங்கள். அதற்காக விலையில் முப்பது ரூபாய் கூட்டினாலும் தருவேன். என்னைப் போல் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வருவேன். அந்த வங்காள நாவலைப் போட்டவர்கள் இதைப் படித்தால், அடுத்த பதிப்பில் அவரைச் சித்தப்பா ஆக்கிவிடுங்கள். இன்னொரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அரக்கோணத்து வாசகி