தானே விழுந்த புள்ளி

மன்னார்குடி,
ஞாயிறு விடியற்காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் வீடு வந்துவிட்டது.

இதை யாரிடம் கொடுத்து அடித்து வாங்கினாய் என்று கேட்பாய். யாரிடமும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உனக்குக் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினியில் நானே அடிக்கிறேன். நீ சிங்கப்பூர் போனதிலிருந்து அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது. உன் நினைவாகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் அதைத் தொடவே எனக்கு அச்சம்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் ‘தெரியாது’ என்று சொல்லாமல் நின்றவள் நான். எதையோ அழுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் விழித்து நிற்பேனோ என்பதுதான் அந்த அச்சம். இயந்திரம் கெட்டுப்போகும் என்று நான் சொன்னதெல்லாம் சாக்கு.

2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இளைய ஆசிரியர்கள் செல்பேசியில் பாடம் நடத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில் வந்த தண்ணீர். குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வரப்புகளில் நான் முகக்கவசம் கட்டிக்கொண்டு, பையில் வினாத்தாள்களுடன் வீடு வீடாகப் போனேன். ஊரே என்னைப் பாராட்டியது. நீயும் பெருமைப்பட்டாய். அந்த நடையில் பிள்ளைகள் மீதுள்ள அக்கறை பாதி, செல்பேசியில் பாடம் நடத்தத் தெரியாத அச்சம் பாதி. இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

போன ஆண்டு நடந்தது என்னை உலுக்கிவிட்டது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை வெளியே கொடுத்து அடித்து வாங்கியிருந்தேன். பெயரில் ‘யாழ்’ உள்ள ஒரு பெண், திருத்தம் பார்க்கும் நாளில் என்னிடம் வந்து மெதுவாக, “டீச்சர், என் பெயரில் ழகரம் இல்லை” என்றாள். யாழ் போய் ‘யாள்’ வந்திருந்தது. அடித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட்டது நான்தான். ஒற்றை எழுத்து, அதைத் திருத்த என் கையால் ஆகவில்லை. நான்கு கிலோமீட்டர் திரும்பப் போய், கடை திறக்கும்வரை காத்துக்கிடந்தேன். ழகரம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள், ஒரு பிள்ளையின் பெயருக்கு அதைப் போட முடியாமல் நின்றேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியையிடம் தமிழில் அடிக்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும். அவள் எதையும் எனக்காகச் செய்து தரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். “இது தமிழ்99 விசைப்பலகை டீச்சர். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். எது உடைந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள்.

பலகையைப் பார்த்தேன். நடு வரிசையில் அ, இ, உ, எ. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. குறிலுக்குத் தலைமாட்டில் அதன் நெடில்! முதலில் தஞ்சாவூர் என்று அடித்துப் பார்த்தேன். ஞகரத்துக்குப் பிறகு சகரத்தைத் தட்டியதும் ஞகரத்தின் மேல் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. நான் வைக்கவில்லை, தம்பி. அடுத்து நம் ஊர்ப் பெயர். னகரத்தை இரண்டு முறை தட்டினேன். முதல் னகரம் புள்ளி பெற்றது. ஆனால் ‘மன்னாரகுடி’ என்று வந்து நின்றது. ஏன் ரகரத்துக்குப் புள்ளி வரவில்லை? ஒரு கணம் யோசித்தேன், விளங்கிவிட்டது. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகியவை இன எழுத்துகள். அவை அடுத்தடுத்து வந்தாலும், ஒரே மெய் இரட்டித்தாலும் பலகையே புள்ளி வைக்கும். ரகரமும் ககரமும் இனம் அல்ல; அங்கே நாம்தான் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் எழுதிப்போடும் பாடம் இது! 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழறிந்தவர்கள் கூடி முடிவுசெய்த பலகையாம். எனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்று இத்தனை காலம் எட்ட நின்றேனே என்று கண் கலங்கிவிட்டது.

ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று வைக்காமலே எழுதுவார்கள் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். படிப்பவர்தான் இலக்கணம் அறிந்து புள்ளியை மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா., அப்படிப்பட்ட ஓலைகளோடு ஆண்டுக்கணக்கில் போராடித்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது அவர் நினைவாகவே இருந்தது. ஓலையில் படித்து வளர்ந்த ஓர் ஆசிரியர் அச்சுக்கூடத்துக்குப் போய், ஈயத்தில் கோத்த எழுத்தைப் பிழை பார்த்திருக்கிறார். அவருக்கும் அது புதிய இடம்தானே.

அதன்பின் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி நேரம் அடித்தேன். பாட்டரி போய்விட்டது, மின்சாரம் நின்றால் மடிக்கணினியும் நின்றுவிடும். இரண்டு முறை எழுதியதெல்லாம் அழிந்தது. இப்போது ஒவ்வொரு பத்திக்கும் சேமித்துக்கொள்கிறேன். இந்த ஆண்டுப் பெயர்ப்பட்டியலை நானே அடித்தேன். ழகரம் கீழ் வரிசையின் கடைசியில், வலது ஓரத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் இப்போது பார்க்காமலே அங்கே போகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதே. நான் ஏதாவது கேட்கும்போதெல்லாம், “நீ விடும்மா, நானே செய்துவிடுகிறேன்” என்பாய். அன்பில்தான் சொன்னாய். ஆனால் அதைக் கேட்டதும் நான் கையை எடுத்துவிடுவேன். பிறகு மறுபடி அதைத் தொட எனக்கு மாதங்கள் ஆகும். வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் விடையை நானே சொல்லி முடித்த நாட்களும் உண்டு. அவர்களுக்கு என்ன செய்தேன் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இப்போதெல்லாம் வாய் மூடிக் காத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது, மதிப்பெண்களை அட்டவணையில் கூட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடு. நேரமாகும், பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பாதே. எந்த வரி என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா