வரத்துக்காலை மூட வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பா, அம்மா, அக்கா, மாமா எல்லாருக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாலு நாளாகப் போன் போகவில்லை என்று அம்மா இந்நேரம் கருப்பருக்கு ஒரு கிடா நேர்ந்திருக்கும். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சார்ஜ்தான் இல்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருகிற கரண்ட் கம்பம் சாய்ந்துவிட்டது. இப்போது எல்லாரும் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இருக்கிறோம், ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் வரிசை. பாப்பா, இதை நீதான் தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், வேகமாக ஓட்டாதே. கடைசியில் வீட்டு விஷயம் எழுதியிருக்கிறேன், அதை இரண்டு தரம் வாசி.

மழைதான் காரணம். கெடா என்றால் மலேசியாவிலேயே காய்கிற பக்கம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள், அது பொய்யும் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நான் இருக்கிற கோலா கெட்டிலில் முதுகுளத்தூர் வெயில்தான் அடிக்கும், ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். வந்த புதிதில் ஊரைவிட்டு வந்தேனா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம். அப்புறம் ஐப்பசி வந்தது. நம் மாவட்டத்தில் வருஷம் முழுக்க 80 செ.மீ. சொச்சம் பெய்தால் நீங்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்; இங்கே வருஷத்துக்கு 200 செ.மீ.க்கு மேல். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பட்டம் போட்டுக்கொண்டானே, அந்தக் கடாரம் இந்தக் கெடாதான். எந்த மாதம் படையோடு வந்தானோ தெரியாது, ஐப்பசியில் வந்திருந்தால் பாதி வழியிலேயே திரும்பியிருப்பான்.

மழை என்றால் எங்களுக்கு ரப்பர் பால் வெட்டு கிடையாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ, மங்கில் இருப்பது பால் இல்லை, மோர். மங்கு என்றால் மரத்தில் கட்டியிருக்கிற கிண்ணம், மலாய்க்காரர்கள் சொல். விடியும் முன்னே பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், வரிசையாக நிற்போம், மேஸ்திரியான தண்டல் வானத்தைப் பார்ப்பார், நாங்கள் தண்டலைப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 1700 ரிங்கிட் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது, சரி, ஆனால் மழை நாளை ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி எப்படி எழுதுகிறார் என்பது தனிக் கதை, நேரில் சொல்கிறேன். போன மாதம் பணம் குறைவாக வந்ததே என்று மாமா கேட்டாராம். காரணம் இதுதான், வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

பால் இல்லாத நாளில் லோங்காங் வேலை கொடுப்பார்கள். சாக்கடை, கால்வாய், தண்ணீர் போகிற எதுவாக இருந்தாலும் இங்கே லோங்காங்தான். போன வாரம் சாலைக்கு அடியில் போகிற குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆறு பேரை இறக்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், தேத்தண்ணீர் நிறம். உள்ளே கையை விட்டு இழுத்தேன். முதலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை, அதன் முள்ளில் மீன் மாதிரிக் கோத்துக்கொண்ட பாலிதீன் பைகள், அப்புறம் ஒரு மெத்தையில் பாதி, யாரோ கட்டிப் போட்ட குழந்தைத் துணி மூட்டை, அதற்கும் பின்னால் உருட்டுக்கட்டை மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது, இழுத்தால் உடும்பு, செத்து ஊதியிருந்தது. பக்கத்தில் நின்ற பங்களாதேஷ் பையன் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டான். கடைசி மட்டையை உருவியதும் குழாய் ஒரு ஏப்பம் விட்டது, அடுத்த நொடி என் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அந்தப் பையன்தான் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினான். இந்த இரண்டு வரியை அம்மாவுக்கு வாசிக்காதே பாப்பா.

எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். அவருடைய அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், அதனால் என்னை ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வார், காலையில் பார்த்தால் ‘பசியாறிட்டியா’ என்றுதான் முதல் கேள்வி. அவர் சொல்வது என்னவென்றால், முன்னாலே மேட்டில் முழுக்க ரப்பர், எத்தனை மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் இலையிலும் சருகிலும் மண்ணிலும் தங்கித் தங்கி ஆற்றுக்கு வந்து சேர அரை நாள் ஆகும். இப்போது மேட்டில் பாதி தாமான் ஆகிவிட்டது, அதாவது வீட்டு மனைகள். கூரை, சிமெண்ட் வாசல், தார் ரோடு. மழை தொடங்கி அரை மணியில் மொத்தத் தண்ணீரும் கீழே வந்து நிற்கிறது. குழாய் மட்டும் அந்தக் காலத்துக் குழாய். மழை கூடிப்போச்சு என்று ஊரெல்லாம் புலம்புகிறது, தாத்தா மட்டும் ‘தண்ணிக்கு அவசரம் கூடிப்போச்சு’ என்கிறார்.

இனி மண் சரிந்த கதை. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு. கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவுக்காக மெஷினை விட்டுப் படிப்படியாக வெட்டி வைத்திருந்தார்கள், செம்மண் தோலுரித்த ஆடு மாதிரி கிடந்தது. மூன்று நாள் விடாத மழை. செவ்வாய்க்கிழமை தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டு விளிம்பில் ஒரு கோட்டைக் காட்டினார், விரல் அகலம். புதன்கிழமை அதில் என் கை நுழைந்தது. மழைத் தண்ணீர் நேராக அந்தப் பிளவுக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் போய்ச் சொன்னோம், பார்க்கலாம் என்றார்கள். போனில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை எச்சரிக்கை வருகிறது, தாத்தாவுக்கு அந்த நிறமெல்லாம் வேண்டியதில்லை. அன்று ராத்திரி ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார், ‘பாயைச் சுருட்டிக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்கு வாங்கடா’ என்று. சிலர் திட்டினார்கள். நானும் முனகிக்கொண்டேதான் போனேன்.

மணி மூன்று இருக்கும். இடி இல்லை அது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை. அப்புறம் ஒரு வாடை. நம்மூரில் முதல் மழைக்கு வருமே, அந்த மண் வாசனை இல்லை அப்பா. கிணறு வெட்டும்போது முப்பது அடிக்குக் கீழே போனதும் உங்கள் வேட்டியில் ஏறிக்கொண்டு வருமே, அந்த வாடை. விடிந்து போய்ப் பார்த்தால் நாலு வீட்டு அடுப்படி இல்லை, அதில் எங்கள் வீடும் ஒன்று. என் சைக்கிளில் ஹேண்டில்பார் மட்டும் மண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள்கூடப் போகவில்லை, ஒரு கோழிக் கூண்டுதான் போயிற்று. ஆபீசிலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். தாத்தாவை யாரும் எடுக்கவில்லை.

2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் எழுபது பேர் போனார்களே, நாம் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே, அவர்களும் ராத்திரியில் லயத்துக்குள் இருந்தவர்கள்தான். கயத்தாறுப் பக்கத்து ஆட்கள். அங்கே தேயிலை, இங்கே ரப்பர், லயம் மட்டும் எங்கே போனாலும் மேட்டுக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.

இங்கிருந்து பாலிங் பக்கம் போனால் குப்பாங் என்று ஒரு ஊர். 2022 ஜூலை 4ஆம் தேதி குனோங் இனாஸ் மலையிலிருந்து வந்த வெள்ளத்தில் அங்கே மூன்று பேர் இறந்தார்கள். வந்தது வெறும் தண்ணீர் இல்லை, சேறும் முழு முழு மரங்களும். மேலே டுரியான் போடக் காடு வெட்டியதால்தான் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் வேறு மாதிரி சொன்னார்கள். மலாயில் இதைக் கெப்பாலா ஆயர் என்கிறார்கள், தண்ணீரின் தலை என்று அர்த்தம். மேலே மண் சரிந்து ஓடையை அடைத்துக்கொள்ளும், பின்னால் தண்ணீர் சேரும், அப்புறம் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். அதனால் மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதே, மேட்டுக்கு ஓடு என்று தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். நமக்கு இது தலைகீழ் பாடம், இல்லையா? கால்வாயில் தண்ணீர் குறைந்தால் நாம் மடைக்குத்தானே ஓடுவோம்.

சரி, இனி வீட்டு விஷயம். மாமா பக்கத்தில் இருந்தால் கோபப்படாமல் கேட்க வேண்டும்.

அக்கா அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கொத்தனார் மேற்கே கல் ஊன்றியிருக்கிற இடம் நம் மனை இல்லை, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால். பத்து வருஷமாக அதில் தண்ணீர் வந்ததில்லை, பக்கத்து மனைக்காரர்களும் மூடிவிட்டார்கள், ஆறடி சும்மா கிடைக்கிறது என்று மாமா சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஏரல் அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் வெயில் ஊர்தான். 2023 டிசம்பரில் அவர்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, நம் மாவட்டத்து ஒரு வருஷ மழையைவிட அதிகம், ஒரு நாளில். அத்தை மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி இருந்ததையும் பீரோவுக்குள் ஊறிப்போன பட்டுப்புடவைகளையும் இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறது. தண்ணீர் பத்து வருஷம் வராமல் இருக்கும், ஆனால் வரும்போது பழைய வழியில்தான் வரும், பட்டாவைக் கேட்டுக்கொண்டு வராது.

அதனால் காம்பவுண்டு சுவரை ஆறடி உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். கக்கூஸ் குழியை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம், கிழக்கே மாற்றுங்கள். பேஸ்மட்டத்தை இரண்டரை அடி என்றீர்கள், மூன்றரை ஆக்குங்கள். கிராவல் கூடுதலாக ஆகும், அந்தப் பணத்தைக் கார்த்திகைக்குள் அனுப்பிவிடுகிறேன், இப்போது சம்பளம் முன்பின் இருந்தாலும் ஓவர்டைம் லோங்காங் வேலை நிறைய இருக்கிறது. இன்னொன்று, வாசலுக்குப் போக வரத்துக்கால் மேலே குழாய் போட்டு மண் கொட்டலாம் என்று கொத்தனார் சொல்வார். வேண்டவே வேண்டாம். குழாய் அடைக்கும், அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று கைவிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். கரைக்குக் கரை சிலாப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் இளவட்டமாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு ஆள் என்று, கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற நீர்பாய்ச்சி கூப்பிட, மண்வெட்டியோடு வரத்துக்கால் வெட்டப் போவோம் என்று சொல்வீர்களே. அந்த வேலையைத்தான் நான் இப்போது கடல் தாண்டி வந்து கூலிக்குச் செய்கிறேன். மண்வெட்டிக்குப் பெயர் மட்டும் இங்கே சங்கோல்.

மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது, பிளக்குக்கு அடுத்த ஆள் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மத்தியானம் சோறும் நெத்திலிச் சம்பலும் கொடுத்தார்கள், அம்மாவிடம் சொல். வரத்துக்காலில் நிற்கிற சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சொன்னால் காசில்லாமலே வெட்டிக்கொண்டு போவார்கள், ஆனால் தூரோடு எடுக்கச் சொல்லுங்கள். பாப்பா, கொத்தனார் டேப் பிடித்து ஆறடி உள்ளே அளக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கல்லும் டேப்பும் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் மகன்