விசித்திர சைக்கிள் கேட்டு வருபவர்களுக்கு

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

புத்தாண்டு விளையாட்டு விழாக்கள் நெருங்குகின்றன. போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இப்படி ஒன்று செய்து தருவீங்களா?" என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டு நின்றால் பஞ்சர் ஒட்ட வந்தவர் வெயிலில் காய்கிறார். அதனால்தான் இந்த மடல்.

அதிகம் கேட்பது முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கை நீட்டி, சில்லை ஒரு முழம் முன்னால் தள்ளி வைக்கும் வேலை. ஓடும் சைக்கிளுக்கு அதைச் செய்ய மாட்டோம். ஹாண்டில் தண்டின் சாய்வை நிலம் வரை நூல் பிடித்துப் பாருங்கள். டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சில சென்ரிமீற்றர் முன்னால் நூல் விழும். சில்லு அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருவதும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு ஒரு காரணம். ஃபோர்க்கை நீட்டினால் தண்டு மேலும் சாய்கிறது, இடைவெளியும் கூடிப்போகிறது. வேகத்தில் திரும்ப மறுக்கும். காத்தான்குடி மெயின் வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஹாண்டில் தானாக ஒரு பக்கம் சரியும். சட்டத்தின் கழுத்து வெல்டிங்கில் விழும் பாரமும் கூடும். நம்பாதவர்கள் கடைக்கு வாருங்கள், நிலத்தில் சோக்கால் இரண்டு புள்ளி வைத்துக் காட்டுகிறோம்.

அடுத்தது சதுரச் சில்லு. 2023இல் பரவிய அந்த வீடியோவில் சதுரம் சுற்றுவதே இல்லை. சில்லின் சதுரச் சட்டம் அப்படியே நிற்க, அதைச் சுற்றி ஒரு பட்டி ஓடுகிறது, புல்டோசரின் சங்கிலித் தடம்போல. பாரமும் உராய்வும் சேர்ந்து மிதிப்பவரின் மூச்சை வாங்கிவிடும். நிஜமாகவே சுற்றும் சதுரச் சில்லும் உண்டு. ஆனால் அதற்குத் தெருவையே மாற்ற வேண்டும். பழைய செயின் ஒன்றை இரண்டு ஆணியில் தொங்கவிட்டால் ஒரு வளைவு வருமல்லவா? அதைக் கவிழ்த்து, சதுரத்தின் ஒரு பக்கத்துக்குச் சரியான அளவில் மேடு மேடாகப் பாதை போட்டால், சவாரி குலுங்காமல் போகும். அமெரிக்காவில் மக்கலெஸ்டர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஸ்டான் வேகன் அப்படியொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். கல்லடியில் யார் அப்படி ரோட்டுப் போட்டுத் தருவார்கள்?

முன்சில்லு ஆளுயரம், பின்சில்லு தட்டளவு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1870களில் அப்படிச் செய்தது அழகுக்காக அல்ல. பெடல் நேரே முன்சில்லின் அச்சில் இருந்ததால், ஒரு மிதிக்கு ஒரு சுற்றுத்தான். வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெருப்பிக்க வேண்டும். ஒரு கல்லில் முட்டினால் ஓட்டுபவர் ஹாண்டிலைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். 1885இல் வந்த ரோவர் என்ற சைக்கிள், செயினைப் பின்சில்லுக்குக் கொடுத்து அந்தத் தேவையை ஒழித்தது. இப்போது அதைச் செய்தால் விழுவது மட்டும்தான் மிச்சம்.

சரி, எதைத்தான் செய்வீர்கள் என்று கேட்பீர்கள். இரண்டு சட்டத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டும் உயரச் சைக்கிள் செய்வோம். பார்க்கத்தான் பயங்கரம், கழுத்தின் சாய்வும் ஃபோர்க்கும் அப்படியே இருப்பதால் நல்லாகவே ஓடும். செயின் இரண்டைப் பூட்டி நீட்டிவிடலாம். ஏறுவதற்கு மதிலோ ஆளோ வேண்டும், நிற்பதற்கும் அப்படித்தான். ஆகவே மைதானத்துக்கு மட்டும். அதை வாவிக்கரை வீதியில் கண்டால் அடுத்த முறை பிரேக் கட்டை மாற்றவும் வராதீர்கள்!

படுத்துக்கொண்டு மிதிக்கும் சைக்கிள்மேல் எங்களுக்கே ஆசை உண்டு. 1933இல் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் அப்படியொன்றில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். அடுத்த வருடம் உலகச் சைக்கிள் சம்மேளனம் அந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. ஓடாது என்பதற்காக அல்ல, நன்றாக ஓடியதால்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பஸ் சாரதியின் கண்ணுக்கு எட்டாத உயரம். கேட்டால் செய்வோம், நீளமான கொடிக்கம்பியும் சேர்த்து.

ஜப்பான் சைக்கிளின் அலுமினியச் சட்டத்தைக் கொண்டுவந்து வெட்டச் சொல்லாதீர்கள். ஒட்டுகிற சூட்டிலேயே பக்கத்து உலோகம் வலு இழந்துவிடும், அதை மீட்கும் உலை எங்களிடம் இல்லை. இரும்புச் சட்டம் மட்டும் கொண்டு வாருங்கள். துரு பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தட்டிப் பார்த்துச் சொல்வோம். சொந்தச் சட்டமென்றால் கூலி குறையும். முன்பணம் இரும்புக்கும் பெயின்ட்டுக்கும் மட்டும், மிச்சத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கடையார்,
மட்டக்களப்பு