கொடைக்கானலில் காட்டேஜ் விடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வயர்மேன் எழுதுவது

வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, வில்பட்டி, வட்டக்கானல் என்று நம்மூரில் சொந்த வீட்டைத் தடுத்து இரண்டு ரூம், நாலு ரூம் காட்டேஜ் விடுகிற எல்லோருக்கும்தான் இந்த மடல். உங்களில் பலர் வீட்டில் நான் வேலை செய்திருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன், சில பேரிடம் இன்னும் பாக்கிகூட இருக்கிறது, அது கிடக்கட்டும். நேரில் சொன்னால் "இவன் பில்லை ஏற்றப் பார்க்கிறான்" என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன சீசனில் ஒரு காட்டேஜில் பாத்ரூம் லைட் மாற்றக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் ஷவர் குழாயின் கைப்பிடியில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறது. ரூம் கழுவ வருகிற அக்காவிடம் என்ன இது என்று கேட்டேன். "சுருக்குனு இழுக்கும்பா, அதான் சுத்தி வச்சிருக்கேன்" என்றார். எத்தனை நாளாக என்றால் தீபாவளிக்கு முன்னாடியிலிருந்தாம். வீட்டுக்காரரிடம் சொல்லியும் இருக்கிறார். அவர் "ஈரக் கையோட தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பாத்ரூம் கழுவுகிறவருக்கு ஈரமில்லாத கை எங்கிருந்து வரும்?

கீசர் பிளக் பாயிண்டைக் கழற்றினேன். மேலே எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குவது) முனையையும் கீழே நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வழி) முனையையும் ஒரு துண்டு வயரால் லூப் போட்டு முடித்திருந்தார்கள். அந்த ரூம் பின்னால் சேர்த்துக் கட்டியது, எர்த் கம்பி அதுவரை இழுக்கவே இல்லை, இரண்டே வயர்தான் வந்திருக்கிறது. டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தால் பிளக்கின் மூன்று ஓட்டையும் சரியாக இருப்பது மாதிரிக் காட்டும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. உண்மையில் கீசரின் இரும்புத் தொட்டியை நியூட்ரலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் ஜாயிண்ட் எங்கோ லூசாகி இருந்ததால் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த ஜாயிண்ட் மொத்தமாக விட்டுப்போயிருந்தால் கீசர் சுருள் வழியாக 230 வோல்ட் அப்படியே நியூட்ரல் முனைக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியாகத் தொட்டிக்கும், பழைய இரும்புப் பைப் என்பதால் குழாய்க்கும் வந்து நின்றிருக்கும். பிளாஸ்டிக் கவர் என்ன செய்யும் சொல்லுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹெல்பராக இருந்த காலத்தில் இதே லூப்பை நானும் போட்டிருக்கிறேன். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் போடச் சொன்னார், போட்டேன். அது எந்தெந்த வீடு என்று இப்போது நினைவில்லை, அதுதான் உறுத்துகிறது.

உலர்ந்த கையில் பட்டால் உதறிவிட்டுப் பிழைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 230 மில்லிஆம்பியர். பத்து மில்லிஆம்பியர் தாண்டினாலே கை தசை இறுகிப் பிடித்ததை விட முடியாது, முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. உங்கள் கெஸ்ட் எல்லோரும் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, நேராக வெந்நீர்க் குழாயின் கீழேதான் போய் நிற்கிறார்கள்.

அடுத்து வயர். நம்மூரில் ஏசி கிடையாது, பாதி வீட்டில் ஃபேன்கூடக் கிடையாது. அதனால் பழைய வீடுகளில் வயரிங் போட்டவர்கள் நாலு பல்பு, ஒரு ரேடியோ என்ற கணக்கில் போட்டிருக்கிறார்கள். சில பங்களாக்களில் இன்னும் மரச்சட்டத்தில் ஆணியடித்த ரப்பர் வயர் ஓடுகிறது, கை வைத்தால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது, அதன் மேலேயே மரப்பலகை சீலிங், அதற்கும் மேலே எலி. அதே வீட்டில் இப்போது நீங்கள் ஒவ்வொரு ரூமுக்கும் 3000 வாட் கீசர், 2000 வாட் ரூம் ஹீட்டர், 1500 வாட் கெட்டில் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றாக ஓடினால் ஒரு ரூமுக்கே ஏறக்குறைய 28 ஆம்பியர். இதெல்லாம் பைப்புக்குள் 14, 15 ஆம்பியர் தாங்கும் ஒன்றரை எம்எம் வயர் ஒன்றிலேயே ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துப் போனால் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச், விழத்தான் செய்யும். விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? "அடிக்கடி விழுது, பெருசா ஒண்ணு போட்டுவிடுப்பா." 16 இருந்த இடத்தில் 32 வருகிறது. எம்சிபி கெஸ்ட்டைக் காப்பாற்ற வைத்ததில்லை, வயரைக் காப்பாற்ற வைத்தது. பெரிசு போட்ட பிறகு எம்சிபி சும்மா இருக்கும், சுவருக்குள் வயர்தான் பியூஸ்.

லூஸ் கனெக்‌ஷனை எந்த எம்சிபியும் கண்டுபிடிக்காது. இதைப் பலமுறை சொல்லியும் யாரும் நம்புவதில்லை, அதனால் கணக்காகவே தருகிறேன். பிளக் பாயிண்ட் ஸ்க்ரூ சரியாக முறுக்காமல் அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆம்பியர் இழுக்கிற கீசர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 84 வாட் சூடு உண்டாகும். ஈயம் பற்றவைக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். மூன்று மடங்குக்கும் மேல் சூடு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், பின்னால் மரச்சுவர், முன்னால் ஜன்னல் ஸ்க்ரீன். பிளக் பாயிண்ட் பழுப்பேறியிருந்தால், லேசாக மீன் நாற்றம் அடித்தால், அது சமையலறையிலிருந்து வருவது இல்லை.

சரி, ஆர்சிசிபி. மீட்டருக்குப் பக்கத்தில் டெஸ்ட் என்று சின்னப் பட்டனோடு இருக்குமே அதுதான். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே 0.3 வினாடிக்குள் லைனை வெட்டிவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே, சீசனில் உங்கள் ஒரு ரூமின் ஒரு ராத்திரி வாடகைகூட இல்லை. இதை மாட்டினால் பழைய வீட்டில் முதல் வாரம் சும்மா சும்மா விழும். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எங்கேயோ கசிகிறது என்று அது சொல்கிறது. அந்த நேரத்தில் கசிவைத் தேடாமல் "அதைக் கழற்றி நேரா குடுத்துடு" என்று சொல்கிற வீட்டுக்காரரும் இருக்கிறார், சரிங்க என்று செய்து கொடுக்கிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும், நான் மேலே சொன்ன லூப் உள்ளே இருந்தால் கீசர் கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிப் போய்விடும், ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. அதனால் முதலில் எர்த்.

எர்த் என்றதும் "பாறைங்க, எங்க தோண்டுறது" என்பீர்கள். பாறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஓரடி போனால் கல் தட்டுகிறது, இரண்டரை மீட்டர் பைப் இறங்குவதில்லை. அதற்காக அரை மீட்டர் கம்பியை ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் குத்திவிட்டு எர்த் என்று சொல்லக்கூடாது. சரிவில் கொஞ்சம் கீழே இறங்கினால் மண் கிடைக்கிற இடம் இருக்கும், அங்கே இரண்டு குழி போட்டு இணைக்கலாம், பாறைக்கு மேலே கிடைமட்டமாக நீளமாக உலோகப் பட்டை புதைக்கலாம். எது செய்தாலும் எர்த் டெஸ்டரால் அளந்து எவ்வளவு ஓம் என்று எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் அளந்தால் நன்றாகத்தான் காட்டும், மார்ச், ஏப்ரலில் இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலை முழுக்க மரம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது சில வீடுகளில் இரண்டு முனையிலும் பிளக் டாப் மாட்டிய வயரை ஜெனரேட்டரிலிருந்து சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்ததைப் பார்த்தேன். மெயினை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே லைனுக்குப் போகும், தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி பல ஆயிரம் வோல்ட் பக்கமும் உயிர் வந்துவிடும். அந்தப் பக்கம் கம்பத்தின் மேலே மழையில் ஒருவர் ஏறி நின்று உங்களுக்குத்தான் லைன் சரிசெய்துகொண்டிருப்பார். வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டுங்கள். இதில் பேரம் பேசாதீர்கள்.

லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொன்னால் சுயநலம் மாதிரி இருக்கும், சொல்லாமலும் இருக்க முடியாது. வயரிங் வேலையை உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனும்தான் செய்யவேண்டும் என்பது சட்டம். என்னையே கூப்பிடவேண்டும் என்று இல்லை. யார் வந்தாலும் கீசருக்கு நாலு எம்எம் வயரில் தனி லைன் கேளுங்கள், ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் தனியாக வருகிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பழைய வயரின் உறை கசிகிறதா என்று அளக்கிற மெகர் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஆள் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

அந்த காட்டேஜில் லூப்பை எடுத்துவிட்டு, மெயினிலிருந்து எர்த் இழுத்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. வீட்டுக்காரர் பாத்ரூம் லைட்டுக்கு மட்டும்தான் கூலி தருவேன் என்றார், பிறகு தந்துவிட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு போன் செய்யவேண்டாம். முதலில் உங்கள் வீட்டில் ரூம் கழுவ வருகிறவரைக் கூப்பிட்டு, எந்த ரூமில் குழாய் சுருக்கென்கிறது, எந்த சுவிட்ச் சுடுகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏதாவது ஒரு ரூமைச் சொன்னால் அந்த ரூமின் எம்சிபியை அப்போதே இறக்கிவிட்டு, அந்த வார புக்கிங்கை வேறு ரூமுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வயர்மேன்