அந்த வயிற்றுவலி

பாளையங்கோட்டை
ஆடி 6

அன்புள்ள மாப்ளே,

உன் மூட்டு எப்படி இருக்கு? போனில் கேட்டால் "நல்லாருக்குல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுதினால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம். நடுவில் புகுந்து நீ கிரிக்கெட் பேச முடியாது.

இங்கே ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. குற்றாலத்தில் சாரல். அந்தக் காற்று சாயங்காலம் பாளை வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. அம்மா உன்னை விசாரித்தாள். "அந்தச் சொதிக்காரப் பய எப்பம் வாரான்?" என்றாள். உன் பெயரை மறந்துவிட்டாள். எங்கள் வீட்டில் சொதி வைத்த அன்றைக்கு நீ மூன்று தரம் சோறு வாங்கியதை மறக்கவில்லை.

ஒரு மாதமாக மனசில் கிடக்கும் விஷயம் ஒன்று உண்டு. என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கு ஒரு சேக்காளி. கிழக்கே ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். நல்ல பையன், கணக்கில் புலி, வாய் திறக்க மாட்டான். போன வருஷத்திலிருந்து அவனை அந்த ஊர்ப் பெரிய பையன்கள் கையில் கயிறு கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள். நீ ஊரை விட்டுப் போனபோது இது இந்த அளவுக்கு இல்லை. நம் காலத்திலும் சாதி இருந்தது, ஆனால் மணிக்கட்டில் இல்லை. இப்போது இரண்டு மூன்று நிறத்தில் பின்னிய கயிறு. நிறத்தைப் பார்த்தே யார் எந்த ஆள் என்று சொல்லிவிடுவார்கள். 2019-லேயே பள்ளிக்கல்வித் துறையிலிருந்து இதைப் பற்றிச் சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கூடங்களில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி அரசு வைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு கூடாது என்றது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் பி.டி. வாத்தியார் கத்தரிக்கோலோடு நிற்கிறார். அதனால் பையன்கள் கயிறைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள், பஸ் ஏறியதும் கட்டிக்கொள்கிறார்கள். கத்தரிக்கோல் பஸ்ஸுக்குள் வராதே!

அந்தப் பையனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "நீ நம்ம பயதானல?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பின்சீட்டில் இடம் கிடையாது. கபடி ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கடைசியாக, "வார கொடைக்கு உங்க வீட்டு வரி எங்களுக்கு வேண்டாம்" என்றானாம் ஒருவன். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி வாங்க மாட்டோம் என்றால் ஊரைவிட்டே ஒதுக்கிவைக்கிற மாதிரி என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினாறு வயசுப் பையன் அதை எப்படித் தாங்குவான்?

என் மகன் வந்து, "என்னப்பா செய்ய?" என்றான். "அந்தக் கூட்டத்துப் பக்கமே போகாதே. அவன்கிட்டேயும் கொஞ்சம் தள்ளியே இரு" என்றேன். இருபத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்க்கிறவன் சொன்ன யோசனை இது. அந்தப் பையன் எங்கள் ஆட்கள் இல்லை என்பதும் மனசின் ஓரத்தில் கிடந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நானும் தள்ளிப் போயிட்டா அவனுக்கு அவனுவ மட்டும்தானப்பா இருப்பானுவ" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லலாமே என்றேன். "அவன் பேரு வெளிய வந்தா பஸ்ஸுல அவன் கதி என்னாவும்?" என்றான். அதற்கும் பதில் வரவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது, கூடப் படித்தவர்களைப் பற்றி அவன் பள்ளிக்கூடத்தில் சொன்ன பிறகுதான். அந்த ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.எட்.டில் படித்த ஒரு பரிசோதனை ஞாபகத்துக்கு வந்தது. 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் அமெரிக்காவில் செய்தது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடு. எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்ற எல்லாரும் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். ஒருமுகமாகத் தப்பாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் பிறகு வாய் திறக்கிறவன் சராசரியாக மூன்றில் ஒரு தரம் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே சொன்னான். ஆனால் ஒரே ஓர் ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தப்பு கால்வாசியாகக் குறைந்துவிட்டது. இன்னொன்றையும் பார்த்தார். துணைக்கு இருந்தவன் பாதியில் எழுந்து வெளியே போனாலும் அவன் கொடுத்த தெம்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவனே கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால்தான் எல்லாம் பழையபடி ஆனது.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம்தான். அன்றைக்குத்தான் அதில் உன் முகம் தெரிந்தது.

குறுக்குத்துறை ஞாபகம் இருக்கா? பிளஸ் டூ, ஐப்பசி கடைசி. ஆற்றில் செந்தண்ணி, முருகன் கோயில் பாதிக்குமேல் முங்கிக் கிடக்கிறது. படித்துறையிலிருந்து மண்டபம் வரைக்கும் நீந்த வேண்டும் என்று பந்தயம். நாலு பேர் குதித்தாயிற்று. "ஏல, இவனுக்குப் பயமாம்ல" என்று ஒருத்தன் ஆரம்பிக்க, நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். எனக்கு நீச்சல் சுமார் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். "ஏ, முடியலல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கத்தினாய். உன்னைச் சைக்கிளில் வைத்து மிதித்தேன். டவுன் வந்ததும் நீ இறங்கி, பரோட்டா தின்னலாமா என்றாய். குதிக்காதே என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன்.

மறுநாள் என் மகனிடம் சொன்னேன்: "கயிறைப் பற்றி அவனிடம் ஒன்றும் பேசாதே. அவன் கட்டியிருந்தாலும் கேட்காதே. சாயங்காலம் அவன்கூடப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போ. அவனுக்குச் சாக்கு வேண்டுமானால் என்னைச் சொல்லச் சொல். பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் இருக்கிறார், கயிறைப் பார்த்தால் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் நிற்பார் என்று சொல்லட்டும்." அடி உதை என்று வந்தால் மட்டும் அன்றைக்கே என் காதுக்கு வந்தாக வேண்டும், அப்போது யாரையும் கேட்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பையன் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறான். கணக்கு போடுகிறார்கள், அம்மா கையால் சுக்குக்காப்பி குடிக்கிறார்கள். ஆறரை பஸ்ஸில் போகிறான். அதில் அந்தக் கூட்டம் இருக்காது. கயிறு இன்னும் அவன் பையில்தான் கிடக்கிறது, ஒருநாள் பேனா எடுக்கும்போது பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். "சர்க்கரை போதுமால?" என்று மட்டும் கேட்டேன். கொடை வரப்போகிறது. அன்றைக்கு என்ன செய்வான் என்று தெரியவில்லை. என் மகன் தானும் கொடைக்குப் போவேன் என்கிறான். விடவும் மனமில்லை, தடுக்கவும் வாய் வரவில்லை. நீ என்ன சொல்லுத?

புரட்டாசியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாச்சா? நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கேள், மூட்டோடு மேலே ஏறித் தொலைக்காதே. வந்ததும் முதல் வேலையாக ஒன்றுக்குப் பதில் சொல்லணும். முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீயும் மழுப்பிக்கொண்டே இருக்கிறாய். அன்றைக்கு உனக்கு வயிறு வலித்ததா, இல்லையா?

உன் சேக்காளி