ஆர்தர் கொலையை எழுதிவைத்த மடம்

அன்புள்ள மாலதி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முட்டிவலி, வெள்ளையடிப்பு, குமுதாவின் பேரன் சேட்டை எல்லாம் படித்தேன். இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. மற்றதெல்லாம் அப்புறம், விஷயத்துக்கு வருகிறேன். மார்கம் மடத்துக்குப் போய்வந்தேன்.

ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடியவிடிய வாதாடுவாயே, இங்கிலாந்தின் ஜான் மன்னன் அண்ணன் மகன் ஆர்தரைத் தன் கையாலேயே கொன்றானா என்று! சரோஜா மேடமே 'போதும் விடுடி' என்று சொல்லும் அளவுக்கு. அந்தக் கொலையை நாளோடு எழுதிவைத்த இடம் இதுதான்.

தெற்கு வேல்ஸில், போர்ட் டால்போட் எஃகு ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1147-இல் குளோஸ்டர் பிரபு ராபர்ட் நிறுவிய சிஸ்டெர்சியன் மடம், கத்தோலிக்கத் துறவிகளில் ஒரு சபை. 1536-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டது. அப்புறம் மான்செல் குடும்பம் வாங்கியது. கோயிலின் நடுக்கூடம் மட்டும் ஊர்க்காரர்கள் வழிபடும் இடமாக இருந்ததால் தப்பித்து, இன்றும் பங்குக் கோயிலாக இருக்கிறது. உள்ளே பருத்த சதுரத் தூண்கள், அரைவட்ட வளைவுகள். பூவேலை எதுவும் கிடையாது. மேற்கே வில்லியம் மோரிஸ் கம்பெனியின் வண்ணக் கண்ணாடி. ஓரமாக மான்செல்கள் வெள்ளைக்கல்லில் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

பின்னால் போனால்தான் மனசு நின்றுவிடுகிறது. துறவிகள் தினமும் கூடிய மன்றம், 1200-ஐ ஒட்டிக் கட்டியது. வெளியே பன்னிரண்டு பக்கம், உள்ளே சுத்த வட்டம். கல் கூரை 1799-இல் விழுந்துவிட்டது. நடுத்தூண் மட்டும் தாங்க எதுவுமில்லாமல் நிற்கிறது. மெல்லிய தண்டுகளைக் கட்டாகக் கட்டினாற்போல் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு தண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் பள்ளத்தில் பச்சைப்பாசி, தொட்டால் ஈரம். இங்கே உட்கார்ந்துதான் ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டு, மடத்துக் காரியங்களைப் பேசுவார்கள். ஆர்தர் சிறையிருந்த பிரான்ஸின் ரூவானிலிருந்து வந்த கொலைச் சேதியையும் இங்கேதான் தணிந்த குரலில் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சேதி எப்படி வந்திருக்கும்? ஜானின் பிரபு வில்லியம் டி பிரேயோஸை மறந்திருக்க மாட்டாய். 1202-இல் பிரான்ஸின் மிரபோவில் ஆர்தரைப் பிடித்தவனே அவன்தான். அவன் இந்த மடத்துக்குப் புரவலன்! அவன் வழியாகத்தான் விஷயம் இங்கே வந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். துறவிகள் எழுதியதைப் பார்: ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், சாப்பாட்டுக்குப் பிறகு, குடித்து வெறியேறிய மன்னன் தன் கையாலேயே கொன்று, உடலில் கல்லைக் கட்டி செய்ன் ஆற்றில் போட்டான். ஒரு மீனவன் வலையில் உடல் சிக்கியது. கொடுங்கோலனுக்குப் பயந்து ரகசியமாகப் புதைத்தார்கள். 1203, பையனுக்கு அப்போதுதான் 16 வயது.

இன்னொன்று கேள். 1210-இல் அயர்லாந்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஜான் படையோடு இதே மடத்தில் தங்கினான். அந்த உபசாரத்துக்காக, மற்ற சிஸ்டெர்சியன் மடங்களைக் கசக்கிப் பிழிந்த வரியிலிருந்து மார்கமுக்கு விலக்குக் கொடுத்தான். அதே வருஷம்தான் பிரேயோஸின் மனைவி மாட்டில்டாவையும் மகனையும் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றான். கொலைகாரன் கையால் சலுகை வாங்கிய மடம், அவன் செய்ததை ஏட்டில் ஏற்றியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மாலதி. கூரை போய்விட்டது, எழுதிய வரிகள் போகவில்லை. ஏடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

உன் பழைய வாதம் தெரியும். 'பிரேயோஸ் பிற்பாடு ஜானுக்குப் பகையாளி, பகையாளி சொன்னதை எப்படி நம்புவது' என்பாய். சரி, நியாயம்தான். ஆனால் மீனவனையும் வலையையும் கற்பனை செய்ய ஒரு துறவிக்கு என்ன அவசியம்? நான் நம்புகிறேன். நீ மறுத்தால் காரணத்தோடு எழுது, 'எனக்குத் தோன்றவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
வசந்தி