பெரியம்மாவின் வளவை இப்போதே எழுதவேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பி,

ஓகஸ்டில் வந்து, உன் அம்மாவின், என் பெரியம்மாவின், விசுவமடு வளவைத் தங்கச்சியின் பெயருக்கு மாற்றப்போகிறாயாம். "அம்மா கடைசிவரை அவளோடுதானே இருக்கப்போகிறா, பிறகென்ன" என்றும் சொன்னாயாம். தங்கச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொல்லாமல் இங்கே எழுதுவது, இதே யோசனையோடு வெளியில் இருக்கிற இன்னும் நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான்.

அந்த வீடு எழும்பியபோது நீ இங்கே இல்லை. இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் கொடுத்தது 550,000 ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்தால் கொஞ்சம், சுவர் எழும்பினால் கொஞ்சம். சீமெந்து விலை ஏற ஏற, கூரைக்கு வரும்போது கையில் ஒன்றுமில்லை. பெரியம்மாவின் காப்பு அடகுக்குப் போய்த்தான் ஓடு ஏறியது. காப்பு திரும்பி வரவேயில்லை.

அது அவவின் பெயரில் இருக்கிற பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, தனக்குப் பிறகு யாருக்கு என்று ஒரு பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்துவைக்கலாம். உயிரோடு இருக்கும்வரை காணி அவவுடையதுதான். தங்கச்சிக்குச் சேரவேண்டியது சேரும், இன்றைக்கே கைமாறத் தேவையில்லை. சொந்த உறுதிக் காணி என்றால், சாகும்வரை அவவே அனுபவிக்கும் சீவிய உருத்து வைத்து நன்கொடை எழுதச் சொல்லியிருப்பேன்.

பிள்ளைகள் பார்க்காவிட்டால் தாபரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் சட்டம் இருக்கிறதே என்பாய். சரி, பெரியம்மா உங்கள்மேல் மனுக் கொடுப்பாவா? பட்டினி கிடந்தாலும் வாய் திறக்கமாட்டா. பெயர் மாறிய அடுத்த நாளே, கிணற்றடியில் ஒரு வாழைக்குட்டி வைக்கவும் மருமகனைக் கேட்டுத்தான் வைப்பா. அவவின் குணம் உனக்குத் தெரியாததா?

அப்புறம், அந்த வீட்டுக்கு மேல்மாடி கட்டப்போகிறாய் என்கிற கதை. யார் ஏறுவதற்கு? மலசலகூடம் இன்னும் கிணற்றடிக்கு அங்கால்தான் இருக்கிறது. குந்தி எழும்ப முழங்கால் விடுவதில்லை. இருட்டில் போகப் பயந்து, பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டா. இதை உன்னிடம் சொல்லமாட்டா, என்னிடமும் சொல்லவில்லை. மூடியபடியே இருக்கும் செம்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மாடிக் காசில் கால்வாசி போதும், அறையோடு சேர்த்து ஒரு கொமட் வைத்த குளியலறை கட்ட. வாசற்படியோரம் பிடித்து ஏற ஒரு குழாயும் போடு.

பெர்மிட் அவவின் றங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீ வந்ததும் பிரதேச செயலகத்துக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போவோம். யாருடைய பெயர் என்பதை அவவே சொல்லட்டும்.

அக்கா